கட்டில் காலில் விழுந்த பள்ளம்

கடலை ஒட்டி ஓர் ஊர். பெயர் இல்லாத ஊர் அல்ல. சொன்னால் யாராவது மூட்டை கட்டிக்கொண்டு தேடிப் போவார்கள், அதனால் வேண்டாம்.

தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. உப்பு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது உள்ளே நாற்காலிகளும் மேசைகளும் அலமாரிகளும் நின்றன. எல்லாமே வயதானவை. யார் யார் வீட்டிலிருந்தோ வந்து, பழுது நீங்கித் திரும்பிப் போகக் காத்திருப்பவை. காலையில் கடல் மூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும், வெயில் ஏறும்வரை போகாது. அந்த நேரத்தில் நுழைகிறவர்களுக்கு நாற்காலிகளில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டுவிட வேண்டும். உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம்.

அந்தக் கிடங்கின் குரு லூர்தம்மாள். குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேட வேண்டாம். நாற்பதைத் தொடாதவள். புடவைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கொண்டையில் செருகிய ஒரு தூரிகை. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "உடைஞ்ச சாமான்கிட்டதான்" என்பாள்.

சீடர் வைரக்கண்ணு. அறுபதை நெருங்குகிறவர். வயது இடம் மாறிவிட்டதே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு கிடங்குவரை கேட்கவில்லை.

நகரத்தில் ஒரு பெரிய கடையில் புது மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டவர் வைரக்கண்ணு. காலமெல்லாம் அதே வேலை. அவர் கை பட்ட பலகையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்படிப்பட்டவர் ஒருநாள், பூட்டு மாற்ற யாரோ கொண்டுவந்த ஒரு நகைப்பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். உடைந்து சேர்த்த பெட்டி என்று சொன்னார்கள். எங்கே உடைந்தது, எங்கே சேர்த்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் வருடினார். மோந்தும் பார்த்தார். பெட்டி புதிதாகவும் இல்லை, சீரழிந்தும் இல்லை. தன் பாட்டுக்குப் பெட்டியாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சேர்த்தது யார் என்று விசாரித்துக்கொண்டு வந்து கிடங்கு வாசலில் நின்றார்.

"என்ன அண்ணே வேணும்?" என்றாள் லூர்தம்மாள்.

"வேலை கத்துக்கணும்."

"உங்க கையப் பாத்தா நீங்கதான் எனக்குக் கத்துக்குடுப்பீங்கபோல இருக்கே."

"பளபளன்னு ஆக்கத் தெரியும். அதுக்கு மேல தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் மேஸ்திரியம்மா. பழைய சாமானுக்கு மதிப்பு எதுல இருக்கு? மரத்துலயா, மேல இருக்கற பூச்சுலயா?"

லூர்தம்மாள் கடல் பக்கம் பார்த்தாள்.

"அந்த ஜன்னலச் சாத்துங்கண்ணே. உப்புக்காத்து வருது."

அவர் சாத்தினார். அப்படித்தான் சீடரானார்.

முதல் வேலையாக ஒரு முக்காலி வந்தது. "அழுக்கா இருக்கு, பாருங்க" என்றாள். அவருக்குத் தெரிந்த விதத்தில் அவர் பார்த்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய அரக்குப் பூச்சை ஸ்பிரிட் விட்டுக் கழுவி எடுத்தார். மரம் வெளுத்து வந்தது. பூச்சுக்கு மேல் பூச்சாகப் போட்டு, காயவிட்டு, மறுபடி போட்டார். முக்காலி ஜொலித்தது.

லூர்தம்மாள் அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"அழகா இருக்கு" என்றாள். வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

வைரக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வந்த முதல் வேலையிலேயே நல்ல பேர். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. கிடங்குக்கு வருகிறவர்கள் சும்மா நின்று பேசுவதில்லை. பேசிக்கொண்டே மேசை விளிம்பைத் தடவுவார்கள். நாற்காலிக் கைப்பிடியில் உள்ளங்கையை வைப்பார்கள். அலமாரிக் கதவில் தோளைச் சாய்ப்பார்கள். தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரியாது. முக்காலியைப் பார்த்து "பிரமாதம்!" என்பார்கள், கை மட்டும் அதன்மேல் போகாது.

நாள்கணக்கில் கவனித்தார். ஒரு கைகூடப் போகவில்லை.

அன்று மத்தியானம் சாமான்களுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்தார். அந்தக் கிடங்கில் மத்தியானத் தூக்கம் யாரையும் விட்டுவைக்காது. கடல் எங்கோ தூரத்தில் புரண்டு படுக்கும், மெழுகு வாசனை வரும், அவ்வளவுதான், கண் சொருகிவிடும். கனவில் கடல் உள்ளே வந்தது. கோபமாக வரவில்லை. புது விருந்தாளியைப்போல வாசலில் தயங்கி நின்று, பிறகு தரை முழுவதும் பரவியது. முதலில் அலமாரி மிதந்தது. பிறகு நாற்காலிகள், மேசைகள், ஒரு நிலைக்கண்ணாடி. ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டி, இடமும் வலமுமாகப் பிரிந்து, தம் தம் வீட்டுக்குப் போயின. முக்காலி மட்டும் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தது. எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியவில்லை.

விழித்தபோது கண் நனைந்திருந்தது.

"மேஸ்திரியம்மா, அந்த முக்காலி யாரோடது?"

"வாத்தியார் வீட்டுது."

"ஏன் இன்னும் எடுத்துட்டுப் போகல?"

"வந்தாங்க. பாத்தாங்க. இது எங்களோடது இல்லேன்னாங்க."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

வைரக்கண்ணு எழுந்து போய் முக்காலியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்ப அழுக்க எப்படித்தான் எடுக்கறது?"

லூர்தம்மாள் ஒரு விரலளவு பஞ்சைக் கிள்ளினாள். நாக்கில் வைத்து நனைத்தாள். பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒன்றின் மூலையில் அதை வைத்து மெல்ல உருட்டினாள். பஞ்சு கறுத்தது. அடியில் பழைய பூச்சு அசையாமல் இருந்தது.

வைரக்கண்ணு துள்ளிப் பின்வாங்கினார்.

"எச்சில்!"

"ஆமா."

"சோறு திங்கிற மேசை, மேஸ்திரியம்மா! தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாங்க!"

"ஸ்பிரிட்டு அழுக்கையும் தூக்கும், பூச்சையும் தூக்கும். இது அழுக்க மட்டும் தூக்கும். அப்புறம் நல்ல தண்ணில துடைச்சிரலாம்."

"இருந்தாலும் எச்சில்..."

"புள்ள மூஞ்சில ஒட்டியிருந்தா அம்மா என்ன போட்டுத் துடைக்கிறா?"

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பஞ்சைக் கிள்ளினார். போகப் போகச் சுளிப்பு போய்விட்டது. கடைவாயில் ஒரு நெல்லிக்காயை அடக்கிக்கொண்டு, வாய் ஊற ஊற, நாற்காலி நாற்காலியாகத் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். கைப்பிடியின் ஒரே இடத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்த ஒருவர். மேசை இழுப்பறையை எப்போதும் இடது கையால் திறந்த ஒருவர். முகம் தெரியாத அந்த ஆட்களோடு அவருக்குச் சிநேகம் உண்டாகிவிட்டது.

ஒருநாள் வேலையோடு வேலையாக லூர்தம்மாள், "எடுத்தது திரும்ப வராது அண்ணே, அத மட்டும் மனசுல வச்சுக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் மறந்துபோனாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

புதுச் சீடருக்குப் பக்தி ஜாஸ்தி. கிடங்கில் இருந்த உப்புத்தாள் கட்டை எடுத்துப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பளபளப்பு கேட்டு வருகிறவர்களை நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். ஒரு பெண் தன் மகன் கொட்டிய மைக்கறையை எடுக்கச் சொன்னாள். அது கறை இல்லை, உங்கள் மகனின் கையெழுத்து என்று அவர் அரை நாள் வாதாடினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, மேசையையும் கறையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். வைரக்கண்ணுவுக்கு ஜெயித்த திருப்தி.

அந்தத் திருப்தியோடு குருவிடம் மறுபடி கேட்டார்.

"இப்ப சொல்லுங்க மேஸ்திரியம்மா. மதிப்பு எதுல இருக்கு? பூச்சுலதானே? அதுல விழுந்த தழும்புலதானே?"

"சாப்பிட்டாச்சா அண்ணே?" என்றாள் லூர்தம்மாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஒரு கட்டில் வந்தது. தட்டுவண்டியில் ஏற்றி, பக்கத்தில் கை கொடுத்துக்கொண்டே ஒரு பெண் நடந்து வந்தாள். பூங்காவனம் என்று பெயர். கடற்கரை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. தனியாக இருப்பவள், ஐம்பதை எட்டப் போகிறவள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கட்டிலை இறக்கும்போது அதன் ஒரு காலை மட்டும் முந்தானையால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"சரி பண்ணிக் குடுங்க லூர்தம்மா."

"என்ன பண்ணணும் அக்கா?"

"பாத்தா உங்களுக்கே தெரியும்."

அதற்குமேல் பேசாமல் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லூர்தம்மாள் ஓர் அலமாரிக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கட்டில் வைரக்கண்ணுவின் பொறுப்பு ஆயிற்று. நல்ல ஈட்டி மரம். அகலமான பலகைகள், உருண்ட கால்கள். நெல்லிக்காயும் பஞ்சுமாக அவர் உட்கார்ந்தார். தலைமாட்டிலிருந்து தொடங்கிக் கால்மாட்டுக்கு வந்தபோது, வலது பக்கக் காலில் விரல் போய் எதிலோ விழுந்தது.

ஒரு பள்ளம். காலைச் சுற்றி வளையம்போல ஓடியது. உளியால் வெட்டியது இல்லை. ஏதோ ஒன்று உரசி, உரசி, வருஷக்கணக்கில் உரசி உண்டானது. அழுக்கை எடுக்க எடுக்க அதன் அடியிலிருந்து ஒரு நிறம் வந்தது. தேன் நிறம். கட்டிலின் மற்ற எந்த இடத்திலும் அந்த நிறம் இல்லை.

வைரக்கண்ணுவுக்குப் புல்லரித்தது. இத்தனை நாள் துடைத்ததில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

எதைக் கட்டியிருப்பார்கள்? ஆட்டையா? கொசுவலைக் கயிறா? யோசித்துக்கொண்டே கட்டிலின் நிழலில் தலை சாய்த்தார். கனவில் ஒரு சிறுமி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு. அதன் கயிற்றை உள்ளே இழுத்துவந்து கட்டில் காலில் அவள் முடிச்சுப் போட்டாள். தண்ணீர் அசைய, படகு அசைய, கயிறு மரத்தில் உரசியது. சிறுமி உதட்டில் விரலை வைத்து அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

விழித்ததும் வேலையில் இறங்கினார். அந்தப் பள்ளத்துக்கு மட்டும் தனிக் கவனம். மெழுகை உள்ளங்கையில் சூடாக்கித் தடவினார். துணியால் தேய்த்தார். பிறகு துணியை எறிந்துவிட்டு வெறுங்கையாலேயே தேய்த்தார். மறுநாளும் அதையே செய்தார். கடைசியில், கிடங்குக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அந்தப் பள்ளம்தான் கண்ணில் படும் என்ற அளவுக்கு அது மின்னியது.

பட்டணத்து வியாபாரி ஒருவர் அவ்வப்போது வந்து பழைய சாமான் வாங்கிப் போவார். அன்று வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் வேட்டி அழுக்காவதைப் பாராமல் மண்டியிட்டார்.

"ஆகா! இத அப்படியே வச்சிருங்க. யாரும் கை வைக்கக் கூடாது. உப்புத்தாள் பட்டுச்சோ, அப்புறம் வெறும் விறகுதான்."

"அதத்தானே நானும் சொல்றேன்!" என்றார் வைரக்கண்ணு.

"பழசுன்னு சொல்லி யாரும் எதையும் வித்துரலாம். ஆனா இந்தப் பள்ளத்த எவனும் புதுசா பண்ண முடியாது. இதுக்குத்தான் விலையே. கட்டில் சும்மா கூட வருது."

"சொந்தக்காரங்க வரட்டும்" என்றாள் லூர்தம்மாள், அலமாரிக்குள்ளிருந்து.

வியாபாரி கிளம்புவதற்குள் சொந்தக்காரியே வந்துவிட்டாள். மூட்டம் விலகாத நேரம். வாசலில் நின்றபோதே அவள் கண் கட்டிலின் காலுக்குப் போயிற்று. அங்கே அது மின்னிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு முகமெல்லாம் பல்லாக, "பாருங்க தங்கச்சி, எப்படி வந்திருக்கு!" என்றார்.

பூங்காவனம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத எதுக்குண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்றாள். குரல் எழும்பவில்லை. "இத எடுக்கத்தானே கொண்டாந்தேன்."

லூர்தம்மாள் அலமாரியிலிருந்து வெளியே வந்து, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூங்காவனம் குடித்தாள்.

"அது சங்கிலித் தடம்" என்றாள். "எங்கப்பாவக் கட்டுன சங்கிலி."

வைரக்கண்ணுவின் வாயிலிருந்த நெல்லிக்காய் கசந்தது.

"அப்பா தூக்கத்துல எந்திரிச்சுக் கடலுக்கு நடந்துருவாரு. கடல் கூப்பிடுதும்பாரு. கழுத்தளவு தண்ணிலேருந்து எத்தன தடவை இழுத்தாந்திருக்காங்க. வைத்தியம், மந்திரம் எல்லாம் பாத்தாச்சு. கடைசில அவரே போயிச் சங்கிலி வாங்கியாந்தாரு. நீயே கட்டு பூங்கா, வேற யாரு கட்டுனாலும் எனக்குக் கோவம் வருதுன்னாரு. சின்னப் புள்ள நான். பொழுது சாஞ்சா கட்டுவேன். இறுக்கிக் கட்டுனியா, சரி, போய்த் தூங்கும்பாரு."

"தூங்குவீங்களா?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"படுத்துட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். அவரு புரண்டா சங்கிலி மரத்துல உரசும். சர்க்கு, சர்க்குன்னு. அது கேட்டா அப்பா இருக்காரு. அதக் கேட்டுட்டே தூங்கிருவேன். சத்தம் நின்னா முழிச்சுக்குவேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா போயி எவ்வளவோ காலமாச்சு. கடல்ல இல்ல, படுக்கையிலதான். சங்கிலிய நாந்தான் கழட்டுனேன். ஆனா அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கண்ண மூடுனா காது தொறந்துக்குது. விளக்க ஏத்துனா அந்தப் பள்ளம் தெரியுது. அதுல என் கைதான் தெரியுது. கட்டில வித்துருன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி விக்கிறது? தெளிவா இருக்கற நாள்ல அதுல என்னப் பக்கத்துல படுக்க வச்சு, ஜன்னல் வழியா நட்சத்திரம் காட்டுவாரு. கட்டில் வேணும். அந்தப் பள்ளம் வேணாம். ஒரு நாளாவது நான் தூங்கணும் லூர்தம்மா."

வியாபாரி தொண்டையைக் கனைத்தார்.

"கதையும் இருக்கா! அப்படின்னா இன்னும் கூடவே..."

"நீங்க கெளம்புங்க" என்றாள் லூர்தம்மாள்.

அவர் கிளம்பினார். வைரக்கண்ணுவுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எந்த இடத்தை அந்தப் பெண் பார்க்கக்கூடாது என்று முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாளோ, அந்த இடத்தை இரண்டு நாள் உட்கார்ந்து வெறுங்கையால் தேய்த்து விளக்கேற்றி வைத்திருக்கிறார். பூமி பிளந்தால் போய்விடலாம். பிளக்கவில்லை. குருவை ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார்.

"எடுத்தது திரும்ப வராதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அந்த ஆளு சொன்னதும் பொய்யில்ல. தேய்ச்சா கட்டிலோட மதிப்பு போயிரும்."

"ஆமா."

"தேய்க்கலேன்னா அந்தத் தங்கச்சி சாகற வரைக்கும் தூங்காது."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமான்னா நான் என்னதான் பண்றது மேஸ்திரியம்மா!"

"உப்புத்தாள எங்க ஒளிச்சு வச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு பீப்பாயைக் காட்டினார்.

"எடுத்துட்டு வாங்க."

கட்டைப் பிரித்து ஒரு துண்டைக் கிழித்து அவர் கையில் வைத்தாள்.

"மொதல்ல உங்க பளபளப்ப எடுங்க. பள்ளத்த அப்புறம் பாத்துக்கலாம். மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல."

வைரக்கண்ணு கட்டில் காலுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நிஜமாகவே எடுக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பூங்காவனம் கட்டிலின் விளிம்பில், அந்தக் காலை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் தாளைப் பள்ளத்தில் மடித்து வைத்தார். இழுத்தார்.

சர்க்.

தேன் நிறம் தூளாகித் தரையில் விழுந்தது. அவருக்குத் தன் தோலையே தேய்ப்பதுபோல இருந்தது. மறுபடி இழுத்தார். சர்க். சர்க். பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். கை தன் வேலையைத் தானே செய்தது. அவர் பழைய தொழில் அது, கைக்கு மறக்குமா?

மூட்டம் விலகி, வெயில் வந்து, வெயிலும் ஒருமாதிரி தளர்ந்தது. கடல் தூரத்தில் புரண்டு படுத்தது. மத்தியானத் தூக்கம் கிடங்கை மூடியது.

பொத்தென்று ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். பூங்காவனத்தின் ஒரு செருப்பு. கொஞ்சம் பொறுத்து மற்றொரு செருப்பும் விழுந்தது. நிமிர்ந்தார். தலைமாடு, கால்மாடு எதுவும் பாராமல், வெறும் பலகையில், கன்னத்துக்குக் கீழே கையை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது. நெற்றி சுருக்கம் இல்லாமல் சிறு பெண்ணின் நெற்றியாக இருந்தது.

அவர் கை நின்றது.

நின்ற உடனே அந்த நெற்றி சுருங்கியது. அவள் கை எழுந்து கட்டில் விளிம்பில் எதையோ தேடியது. இமைகள் அசைந்தன.

"அப்பா?"

வைரக்கண்ணு பதறிப்போய் இழுத்தார். சர்க். சர்க். சர்க்.

தேடிய கை அடங்கியது. மூச்சு நீண்டது.

அவருக்கு அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதார். அழுதுகொண்டே இழுத்தார். பளபளப்பு முழுக்கப் போய்விட்டது. பள்ளம் சாம்பல் படிந்ததுபோல மங்கிக் கிடந்தது. இதற்குமேல் போனால் மரம் தேயும், கால் மெலியும். ஆனால் நிறுத்த முடியாது. கொஞ்சம் யோசித்தார். பிறகு ஓர் இழுப்புக்கும் மறு இழுப்புக்கும் நடுவே உப்புத்தாளைப் புரட்டினார். சொரசொரப்பு தன் விரலுக்கு, வெறும் தாள்பக்கம் மரத்துக்கு. இழுத்துப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் இருந்தது. அவள் அசையவில்லை. விரல் நுனி எரிந்தது. எரியட்டும் என்று இழுத்தார்.

வெகுநேரம் ஆயிற்று. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. பாதித் தூக்கத்தில் அவருக்கே கடல் உள்ளே வந்துவிட்டதுபோல இருந்தது. அலமாரி மிதந்தது. நாற்காலிகள் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தன. இந்தக் கட்டில் மட்டும் போகவில்லை. அவர் கையில் இருந்த ஏதோ ஒன்று அதைக் கரையோடு பிடித்துவைத்திருந்தது.

பக்கத்தில் நிழல் விழுந்தது. லூர்தம்மாள் வாசலருகே கிடந்த அந்தப் பளபள முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓசைப்படாமல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரியம்மா" என்றார் வைரக்கண்ணு, காற்றாக.

"ம்."

"பளபளப்பு போயிருச்சு. பள்ளம் அப்படியே இருக்கு. வியாபாரிக்கும் இனி ஆகாது. இந்தத் தங்கச்சி கேட்டதும் ஆகல. மரத்துலயும் இல்லாம பூச்சுலயும் இல்லாமப் பண்ணிட்டேன். இப்ப இந்தக் கட்டிலுக்கு என்னதான் மதிப்பு?"

கேட்கிற மும்முரத்தில் அவர் இழுப்பு தளர்ந்தது.

லூர்தம்மாள் அவர் கையைப் பார்த்தாள்.

"கைய நிறுத்தாதீங்கண்ணே" என்றாள். "தூங்குறாங்க."